பௌர்ணமிக்கு மறுநாள்

அத்தியாயம் 9

லிஃப்டுக்குள் ஏறியவர்களில் பாதிப் பேர் அடுத்த மாடியிலேயே இறங்கி ஓடிவிட்டார்கள். மிச்சமிருந்த கண்ணாடிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு அகெங்கை முறைத்தார்.

"சத்தியமா நான் இல்ல சார். பை," என்றான் அகெங், கையிலிருந்த கறுப்பு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டி.

அவரும் இறங்கிவிட்டார்.

கீலுங் துறைமுகத்துக் குப்பைக் குழியில் காலையில் இடுப்பளவு இறங்கி அள்ளிய அழுகல் மீன் அது. எதற்கு என்று அகெங்குக்குத் தெரியாது. ருவான் ஷுலிங் கேட்டாள், அள்ளினான். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன் இந்தத் துப்பறியும் பெண்ணுக்கு உதவியாளாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது ரோஜாப்பூ வாங்கி வா என்று சொல்லியிருக்கிறாளா? கிடையாது.

"ஏன்க்கா, இதை அள்ளச் சொன்னதுக்குக் காரணம் ஒண்ணு இருக்கும்ல?"

"அழுகிப் போனதைக் குப்பையில கொட்ட யாருக்காவது அவ்வளவு அவசரம் வருமா? விடியறதுக்குள்ள கொட்டிட்டாங்களாம். அதான்," என்றாள் பக்கத்தில் நின்ற ஷுலிங். நாற்பது வயது, ஒல்லி, வாயில் எப்போதும் ஒரு உப்புப் பிளம் கொட்டை. "அதுக்கு மேல இப்ப கேட்காதே. தகவலை அதுஅது இடத்துல வைக்கிறதுக்கு முன்னாடி கதை கட்டினா, கதைக்கு ஏத்த மாதிரி தகவலை வளைப்போம்."

"எனக்கு ஏற்கெனவே முதுகு வளைஞ்சு போச்சுக்கா."

கதை இவ்வளவுதான். தைப்பேயில் இந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் நீலக்கரை குளிர்கிடங்குக் கம்பெனி. தீவு நெடுக எட்டுக் கிடங்கு. எட்டிலும் குளிரைப் பார்த்துக்கொள்வதும், குளிர் குறைந்தால் எல்லார் போனிலும் அலறுவதும் சர்வர்களின் வேலை. அந்த சர்வர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைப்பது ஃபான் இசென் என்ற பெண்ணின் வேலை. நேற்று கீலுங் கிடங்கில் குளிர் நின்றுபோய், பனி உருக்கும் ஹீட்டர் நாள் முழுக்க ஓடியிருக்கிறது. அலாரம் மூச்சுவிடவில்லை. கம்பெனியின் உயிர்நாடியான, தங்க விலைக்குப் போகும் மடவை மீன் சினை மொத்தமும் அழுகிவிட்டது என்று ராத்திரி சேதி வந்தது. காலையில் புரோகிராமைத் திறந்து பார்த்தால் புதிதாக இரண்டு வரி: அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கீலுங் அலாரம் வாயைத் திறக்கக் கூடாது. நேற்று பௌர்ணமி. அந்த வரிகளுக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயர், ஃபான் இசென்.

அவள் எழுதவில்லை என்கிறாள்; காலையில் ஷுலிங்கைக் கூப்பிட்டதும் அவள்தான். அதை நம்பிய ஒரே ஆள் ஷுலிங். நம்பினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. நம்பாமல் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறாவது மாடி அறையில் துணைத் தலைவர் தெங் ஒரு காகிதத்தை இசென் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அரசாங்கக் கம்ப்யூட்டர் இலாகாவில் முப்பது வருஷம் குப்பை கொட்டி, ஓய்வு பெற்று, பத்து நாள் முன்புதான் இங்கே வந்து உட்கார்ந்தவர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது.

"செஞ்சது நான்தான்னு இதுல கையெழுத்துப் போட்டா வேலையோட போச்சு. போடலைன்னா ஜெயில். போலீசுக்குப் போன் பண்ணிட்டேன், கிளம்பிட்டாங்க."

"வரட்டும் சார். டீ போட்டு வைக்கட்டுமா?" என்றாள் இசென். முப்பது வயதுகூட இருக்காது. முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் கல்லு மாதிரி நின்றது. அகெங்குக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

தெங் திரும்பினார். "நீங்கதான் துப்பறியிற மேடமா? எழுதினவ பேரே எழுதியிருக்கு. இதுல துப்பு எங்க இருக்கு, துலக்கறதுக்கு? அது என்ன நாத்தம்?"

"நம்ம தொழிலே நாத்தம்தான் சார்," என்றான் அகெங்.

"அவங்க பேர்ல வேற யாராவது எழுத முடியுமா?" என்று கேட்டாள் ஷுலிங்.

"முடியும்," என்றாள் இசென். "இவர் வந்த முதல் வாரமே எல்லார் பாஸ்வேர்டையும் வாங்கி வச்சுக்கிட்டார். தணிக்கைக்காம்."

"ஒழுங்கு வேணும்ல?" என்று தெங் பொரிந்தார். "இந்தப் பொண்ணு பண்ற கூத்து உங்களுக்குத் தெரியாது மேடம். புரோகிராமுக்குள்ள ஒரு தேதி இருக்கக் கூடாதாம், ஒரு எண் இருக்கக் கூடாதாம். எல்லாத்தையும் பிடுங்கித் தனியா ஒரு ஃபைல்ல போட்டு வச்சிருக்கா. முப்பது வருஷமா நான் எழுதினதெல்லாம் முட்டாள்தனம்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றா!"

"முட்டாள்தனம்னு சொல்லல சார். குப்பைன்னு சொன்னேன்."

அகெங் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"அந்தத் தனி ஃபைலை நீங்க திறந்து பார்த்தீங்களா?" ஷுலிங் கேட்டாள்.

"எதுக்கு? தப்பு புரோகிராம்ல இருக்கு. வீடு எரியறப்ப தோட்டத்துல போய்த் தேடுவாங்களா?"

"தனி ஃபைல்னா என்னம்மா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்று அகெங் இசென் பக்கம் குனிந்தான்.

"நீங்க சமைப்பீங்களா அண்ணே?"

"முட்டை வேகவைப்பேன்."

"போதும். சமையல் குறிப்புல 'உப்பு போடு'ன்னு மட்டும்தான் இருக்கணும். யாருக்கு எவ்வளவு உப்புங்கறது வேற இடத்துல இருக்கணும். வீட்டுல எட்டுப் பேர், ஒருத்தருக்கு ரத்தக்கொதிப்பு, ஒருத்தருக்குக் காரம் ஆகாதுன்னா, குறிப்புக்குள்ளேயே ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு எழுதிட்டுப் போனா என்ன ஆகும்? நாலு வருஷம் கழிச்சு அந்தக் குறிப்பை யாராலயும் படிக்க முடியாது. முதல்ல யாருக்கு என்ன வேணும்னு கேட்டு ஒழுங்கா அடுக்கணும். அப்புறம்தான் அடுப்பைப் பத்த வைக்கணும்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு," என்றார் தெங். "இவ சர்ச்சுக்குப் போறவ. பூசைன்னாலே இளக்காரம். இங்க பூசை நாள்ல சாமிக்குக் காகிதப் பணம் கொளுத்தற சூட்டுக்குக் கிடங்கு வாசல்ல அலாரமெல்லாம் கத்தும். அதனால அந்த நேரம் அலாரத்தை அடக்கி வைக்கறது வழக்கம். இவளே என்கிட்ட சொன்னா. அதையே சாக்கா வச்சு நாள் முழுக்க அடக்கிட்டா. சம்பளம் ஏத்தலைன்னு ஆத்திரம்."

அதைக் கேட்டதும் அகெங் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். பொருந்தித்தானே வருகிறது? ஆத்திரம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வழியும் அவளுக்குத்தான் தெரியும். ஐயையோ, பிடித்துப்போன பெண்ணே குற்றவாளியாக இருந்துவிடுவாளோ என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

ஜன்னல் வழியாக ஊதுபத்தி வாசம் ஏறி வந்தது. தெங் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கீழ எதுக்கு இன்னைக்கு மேசை போடறானுங்க? எல்லாம்தான் நேத்தே முடிஞ்சிருக்கணுமே. இந்தக் கம்பெனியில எதுதான் நேரத்துக்கு நடக்குது!"

அகெங்கின் கவனம் பையில் இருந்தது. அடியில் சின்ன ஓட்டை விழுந்து, தரைவிரிப்பில் சொட்ட ஆரம்பித்திருந்தது. மெதுவாக அதைத் தெங்கின் நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ஷுலிங் வாயிலிருந்த பிளம் கொட்டையைக் காகிதத்தில் துப்பி மடித்தாள். கொட்டையைத் துப்பினால் அவளுக்கு ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"கீழ போவோம். முதலாளியம்மா அங்கதான இருப்பாங்க?"

"அந்தக் காகிதம்?" என்றார் தெங்.

"அது எங்கயும் ஓடிப் போகாது. கையெழுத்து இல்லாத காகிதத்துக்குக் கால் கிடையாது. நீங்களும் வாங்க."

கட்டட வாசலில், வெயிலில், சிவப்புத் துணி விரித்த மேசை. பழங்கள், பிஸ்கட் பொட்டலங்கள், குளிர்பானம், நடுவில் முழுசாக ஒரு வேகவைத்த கோழி. காலையிலிருந்து பட்டினியாக இருந்த அகெங்குக்கு அந்தக் கோழி தன்னைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி இருந்தது. ஊதுபத்தி எரிந்து முடிகிறவரை யாரும் தொடக் கூடாது. கம்பெனி ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். முன்னால் முதலாளியம்மா வெய். மீன் சந்தையில் கூடை வைத்து ஆரம்பித்து எட்டுக் கிடங்கு கட்டியவள். நேற்று ராத்திரியிலிருந்து தூங்காத கண்கள் சிவந்து கிடந்தன.

"கையெழுத்துப் போட்டாளா?" என்றாள் தெங்கைப் பார்த்து.

"மாட்டேன்னு அடம் பிடிக்கிறா."

"போட மாட்டேம்மா," என்றாள் இசென், எல்லாருக்கும் கேட்கும்படி. "நீங்க சோறு போட்டீங்க, நானும் உண்மையா உழைச்சேன். செய்யாததைச் செஞ்சேன்னு எழுத என் கை வராது. வேணும்னா கையை வெட்டிக்குங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஷுலிங் நடுவில் புகுந்தாள்.

"ஒரு சின்ன வேலை. இசென், புரோகிராமை விடு. உன் தனி ஃபைல்ல தகவல் எப்படி அடுக்கியிருக்கு? இந்த மேசையில இருக்கறதை வச்சே அடுக்கிக் காட்டு."

"ஏய்! சாமி மேசை அது!" என்று வெய் சீறினாள்.

"சாமியும் பார்க்கட்டுமேம்மா. அவருக்குத்தான இதெல்லாம் படைச்சிருக்கீங்க?"

முதலாளியம்மா ஓரடி ஒதுங்கி வழிவிட்டாள். இசென் மேசையை நோக்கித் தயங்கித் தயங்கி நடந்தாள். எட்டு ஆரஞ்சுப் பழத்தை வரிசையாக வைத்தாள். வரிசைக்கு மேலே தனியாக ஒரு அன்னாசி.

"எட்டு ஆரஞ்சும் எட்டுக் கிடங்கு. அன்னாசி எல்லாருக்கும் பொது. எவ்வளவு குளிர் இருக்கணும், யாருக்குப் போன் போகணும், பூசை எந்த நாள், எத்தனை மணி நேரம் அலாரம் அடங்கணும், எல்லாம் அன்னாசியில ஒரே ஒரு தடவை எழுதியிருக்கு. எந்தக் கிடங்குக்காவது தனியா ஏதாவது வேணும்னா மட்டும் அந்த ஆரஞ்சுக்குக் கீழ வைப்பேன்." ஒரு பிஸ்கட் பொட்டலத்தை ஒரு பழத்தின் அடியில் வைத்தாள். "இது காவ்ஷியூங். அங்க காகிதம் கொளுத்த ரெண்டு அடுப்பு, அதனால அரைமணி கூட."

"கீலுங்குக்குக் கீழ?" என்றாள் ஷுலிங்.

"ஒண்ணும் இல்ல. அன்னாசி சொல்றதுதான் கீலுங்குக்கும்."

"அன்னாசி எந்த நாளைச் சொல்லுது?"

"அமாவாசைக்கு மறுநாள், பௌர்ணமிக்கு மறுநாள்."

"நீ சர்ச்சுக்குப் போறவளாச்சே, உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாது. எனக்குத் தெரியாதுங்கறது எனக்குத் தெரியும், அதனால சேர்ந்த முதல் மாசமே முதலாளியம்மாகிட்டப் போய்க் கேட்டேன். கேட்டதை அன்னாசியில எழுதினேன். அதுக்கப்புறம் அந்தத் தேதியை வேற எங்கயும் நான் எழுதினது கிடையாது. எழுத வேண்டிய அவசியமே இல்ல."

வெய் மெதுவாகத் தலையாட்டினாள். "கேட்டா. நான்கூடச் சிரிச்சேன். வீட்டுல கும்பிடறவங்களுக்கு அமாவாசை, பௌர்ணமி. கடை வச்சவங்களுக்கு மறுநாள். மீன் சந்தையில தவழற குழந்தைக்கும் தெரியுமே, இதைப் போய்க் கேட்கறியேன்னு."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். வரிசையில் நின்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அகெங்குக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. அட, டாக்சி ஸ்டாண்டில்கூடப் பௌர்ணமிக்கு மறுநாள்தானே ஊதுபத்தி ஏற்றுவோம்! மண்டையில் மசாலா இருந்தால் அந்த அறையிலேயே பிடித்திருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"புரோகிராம்ல இருக்கறது அமாவாசையும் பௌர்ணமியும். வீட்டுக் கணக்கு," என்றாள் ஷுலிங். "அதை எழுதினவருக்கு வீடு இருக்கு, வீட்டுல சாமி இருக்கு. ஆனா வாழ்க்கையில ஒரு கடையோட வாசப்படியைக்கூட மிதிச்சதில்ல. இங்க நிக்கற அத்தனை பேரும் இன்னைக்குத்தான் பூசைன்னு வந்து நிக்கறீங்க. ஒருத்தர் மட்டும் ஜன்னல்ல எட்டிப் பார்த்து, எல்லாம் நேத்தே முடிஞ்சிருக்கணுமேன்னு சலிச்சுக்கிட்டார்."

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"வாய் தவறி ஒரு வார்த்தை வந்துடுச்சுன்னா குற்றவாளியா?" தெங் சிரிக்கப் பார்த்தார். "நல்ல துப்பறிதல்! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு!"

"முடிச்சு போட்டது நீங்கதான். பூசை நாள்ல அலாரம் அடங்கும்னு இசென் சொன்னா, நாளைச் சொல்லல. நீங்க புரோகிராம்ல தேடினீங்க. அங்க இல்ல. அது இருந்த ஃபைலைத் திறக்கறதை உங்க முப்பது வருஷப் பெருமை தடுத்துடுச்சு. அதனால உங்க வீட்டுக் காலண்டர்ல இருந்து எடுத்து ஒட்டினீங்க. இவ தேதியைப் பிடுங்கி வெளிய வைக்காம இருந்திருந்தா, நீங்க அதைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பீங்க. பூசை நாளோட பூசை நாளா இன்னைக்குக் கிடங்கு கெட்டிருக்கும், இவளைக் காப்பாத்த என்னாலயும் முடிஞ்சிருக்காது. நீங்க கூத்துன்னு சொன்னீங்களே, அந்தக் கூத்துதான் உங்களைப் பிடிச்சுக் கொடுத்திருக்கு."

இசென் கண்களில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நிமிர்ந்து நின்றாள்.

"இதனால எனக்கென்ன லாபம்?" தெங் குரலை உயர்த்தினார். "சொல்லுங்க! மீன் அழுகினா எனக்கு என்ன கிடைக்கும்?"

"அதானே? அகெங், பையைத் திற."

வாழ்க்கையில் முதல் முறையாக இந்த வேலையை அவன் சந்தோஷமாகச் செய்தான். முடிச்சை அவிழ்த்ததும் வரிசை சிதறியது. ஊதுபத்தி தோற்றுப்போனது. தெங் இரண்டடி பின்வாங்கினார்.

முதலாளியம்மா மட்டும் நகரவில்லை. கிட்டே வந்து, பட்டுச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு, வெறும் கையை உள்ளே விட்டாள்.

"எங்க எடுத்தே?"

"கீலுங் குப்பைக் குழியிலம்மா. உங்க கிடங்குல இருந்து விடியக்காலையில லாரியில வந்து கொட்டினதாம். தெங் சார் உத்தரவுன்னு குழிக்காரர் சொன்னார்."

வெய் ஒரு மீன் தலையை வெளியே இழுத்தாள். திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்து அகெங்கே கொஞ்சம் தள்ளி நின்றான்.

"இது கானாங்கெளுத்தி," என்றாள். "இது மொத்தமும் கானாங்கெளுத்தி! யோவ் தெங், என் மடவைச் சினை எங்கய்யா?"

"போன வாரமே வெளிய வித்துக் காசாக்கியிருப்பார்," என்றாள் ஷுலிங். "கணக்குல சரக்கு இருக்கணும், கிடங்குல இருக்காது. அப்ப அது கெட்டுப் போகணும். இல்லாதது எப்படி அழுகும்? அழுகறதுக்கு மலிவா வேற ஏதாவது வாங்கிப் போடணும். அலாரம் கத்தினா ஆள் ஓடி வந்து பார்த்துடுவாங்க. அதனால வாயைக் கட்டணும். மாட்டிவிடறதுக்கு ஒரு பேர் வேணும்."

"அம்மா, நாம மேல போய்ப் பேசிக்கலாம்..." தெங்கின் சட்டை மடிப்பு முதல் தடவையாகக் கசங்கியிருந்தது. வேர்வை.

அப்போதுதான் போலீஸ் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி, மூக்கைத் தேய்த்துக்கொண்டு, மேசையையும் மீனையும் ஆரஞ்சு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"போன் பண்ணி வரச் சொன்னது யாரு?"

தெங் தரையைப் பார்த்தார். வெய் அழுகல் கையைத் துடைத்தபடி இசென் பக்கத்தில் வந்து, குரலை அடக்கினாள்.

"இந்தா பாரு கண்ணு. தப்பு என் மேலதான், உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன். ஆனா இது வெளிய போச்சுன்னா கம்பெனி பேர் நாறிடும். நாளைக்கு எட்டுக் கிடங்குக்கும் ஒருத்தனும் சரக்கு அனுப்ப மாட்டான். இவனை நான் பார்த்துக்கறேன், இவன் தொண்டைக்குள்ள கையை விட்டாவது வாங்கிடுவேன். உனக்குச் சம்பளம் ஏத்திப் போடறேன், பதவி தர்றேன். ஏதோ தவறா போன் வந்துடுச்சுன்னு சொல்லி இவங்களை அனுப்பிடலாம். என்ன?"

அகெங் ஷுலிங்கைப் பார்த்தான். அவள் புதுசாக ஒரு பிளம்மை வாயில் போட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். இது அவள் சொல்ல வேண்டிய பதில் இல்லை.

இசென் முதலாளியம்மா பக்கம் திரும்பினாள்.

"காலையில எல்லார் முன்னாடியும் குற்றவாளின்னீங்க. இப்ப காதுக்குள்ள மன்னிப்புக் கேட்கறீங்க," என்றாள். "சத்தத்தை அடக்கறதுதான் இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே வேலையாம்மா?"

இசென் வெய்யைத் தாண்டி, தெங்கைத் தாண்டி, போலீஸ்காரர் முன்னால் போய் நின்றாள்.

"புகார் என்னுது சார். குற்றவாளி இவர்."

போலீஸ்காரர் பேனாவை எடுத்தார். "உங்க பேரு?"

"ஃபான் இசென்." வாசல் முழுக்கக் கேட்டது. "நல்லா எழுதிக்குங்க சார். இந்தத் தடவை எழுதச் சொல்றது நான்."